புகைக்கூட்டில் காய்ந்த போர்வை

"துணி நீங்க குடுத்ததுதான், யாரு இல்லேன்னா? அதுக்காக நாங்க தெச்ச போர்வைய நீங்க எப்படித் தூக்கி யாருக்கோ குடுக்கலாம்?"

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கருப்பாயியின் குரல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா வரைக்கும் வந்தது. கடைசிக் காம்பரா என்னுடையது. ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சத்தம் தானாகத் தேடி வந்தது. நான் செய்ததெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு அது வந்த வழியே போனதுதான்.

உள்ளே போனால், தொட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு கருப்பாயி நடுவில் நிற்கிறாள். சந்திக் கடை கபூர் நானாவின் மனைவி ஹபீஸா சுவரோரம் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நின்று சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை.

"நான் குடுக்கல்ல கருப்பாயி அக்கா. அவங்க எடுத்துக்கொண்டு பெய்த்திட்டாங்க."

"நீங்க குடுக்காம அது தானா நடந்து குருவிட்டைக்குப் போச்சா?"

"எங்கட மகள் ரிஸ்னா அதுல ஒரு மூலையே தெச்சீக்கா. நிரோஷா ஒரு தையலாவது போட்டாளா? பொறகு அது எப்படி அவட போர்வையாகும்?"

"அந்த மூலைய நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் கருப்பாயி. "கோழி கிண்டின மாதிரி இருக்கு."

இவ்வளவுக்கும் நடுவே, யாருடைய போர்வைக்காக இந்தச் சண்டையோ அந்த நிரோஷா மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹபீஸாவுக்கும் சேர்த்துத்தான். கொஞ்சம் சீனி கூடப் போட்டுக் கொடுத்தாள். ஹபீஸாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

விஷயம் விளங்க வேண்டுமானால் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஜீப்பில் வந்த மிஸ் ஒருத்தி, துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பது எப்படி என்று தோட்டத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்களோடு நின்று படம் எடுத்தாள். ஒரு தையல் மெஷினை விட்டுவிட்டுப் போனாள். மெஷின் ஈரத்தில் துருப்பிடித்து, இப்போது பிள்ளைக் காம்பராவின் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. சங்கம் மட்டும் எப்படியோ மிஞ்சிவிட்டது.

மிஞ்சியதற்குக் காரணம் மழை. எங்களுடையது ரப்பர்த் தோட்டம். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டு இல்லாத நாளில் வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. வீட்டில் இருந்தால் புருஷனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட ஊசி பிடிப்பது மேல் என்று பெண்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிடுவார்கள். சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் சிங்கள ஐயா எங்களுக்கு 'வெஸ்ஸே சமித்திய' என்று பேர் வைத்தார்; மழைச் சங்கம் என்று அர்த்தம். கேலிக்குத்தான் வைத்தார். அதுவே நிலைத்தும் விட்டது. பெல்மதுளைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததில்லை. வேறெந்தச் சங்கமும் இவ்வளவு அடிக்கடி கூடியிருக்காது.

துணி ஹபீஸா தருவது. கார்மென்ட் ஃபெக்டரியின் வெட்டுத் துண்டுகளைக் கபூர் நானா மூட்டையாக எடுத்து விற்கிறார். விற்க முடியாத சின்னத் துண்டுகள் எங்களுக்கு. அந்த மூட்டையோடு ஹபீஸாவும் வந்து உட்கார்ந்து பழகிவிட்டாள். கடைக்காரப் பெண் லயத்துக்குப் போய் உட்காருவதா என்று சந்தியில் பேசினார்கள். நானும் கொஞ்சம் பேசினேன். அவள் கவலைப்படவில்லை. வீட்டில் அவளோடு பேச யாரும் இல்லை என்பது என் கணக்கு.

சங்கத்தில் ஒரு முறை உண்டு. போர்வைக்கு நாலு மூலை, நாலு பேர். கருப்பாயிக்கு ஒன்று, ஹபீஸாவுக்கு ஒன்று, மேல்கணக்கு லயத்து சசிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நடுப்பகுதியை வருகிறவர்கள் யாரும் தைக்கலாம். ஒருத்தியின் மூலையை இன்னொருத்தி தொடக்கூடாது. போர்வை யாருக்குப் போகிற முறையோ, அவள் ஊசியையே தொடக்கூடாது. தேத்தண்ணீர் ஊற்றுவதோடு சரி. தன் போர்வையைத் தானே தைத்தால் அது வெறும் வேலை, மற்றவர்கள் தைத்துக் கொடுத்தால்தான் சீர் என்பது கருப்பாயியின் சட்டம். வேகமாகத் தைக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். விடியுமுன்னே எழும்பிப் பழகிய உடம்புகள், உட்கார்ந்தால் தூங்கும். சசி ஒருநாள் தூக்கத்திலேயே போர்வையைத் தன் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, மணியடித்ததும் எழும்பி, போர்வையையும் எங்களையும் இழுத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

இந்த வருஷ முறை நிரோஷாவுக்கு. தாய் இல்லாத பெண். வயது முப்பதைத் தாண்டிய பிறகு புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி, ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் அப்பா வீட்டிலிருந்த பித்தளைக் குடம், ரேடியோ, தாயின் சேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குடித்துத் தீர்த்திருந்தார். அவள் கையோடு கொண்டுபோகப் போவது அந்தப் போர்வை ஒன்றுதான் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹபீஸாவுக்கும் தெரியும். தெரிந்துதான் இரவல் கேட்டாள்.

ரிஸ்னாவுக்கு வரன் வந்ததில் தொடங்கியது அது. குருவிட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை பயாஸ். தாய் ஸுமைரா தரகரிடம், பெண்ணுக்குக் கைவேலை ஏதும் தெரியுமா என்று கேட்டு அனுப்பினாள். ரிஸ்னா கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் கபூர் நானாவைவிடக் கெட்டிக்காரி. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் ஊசி தொலைந்துவிடும். தாய்க்குக் கை கடுத்துக்கொண்டிருந்த நாட்களில் தாயின் பங்கு மூலையைத் தைத்தாளே, அதுதான் அவள் ஆயுளில் பிடித்த ஊசி. ஆனாலும் ஹபீஸா, புள்ள போர்வை தைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்ன பிறகு ஒரு போர்வை வேண்டுமே. ஒரே ஒரு நாளைக்கு என்று நிரோஷாவிடம் கேட்டாள். துணி கொடுப்பவள் கேட்கும்போது எப்படி முடியாது என்பது? நிரோஷா கொடுத்தாள்.

பிள்ளைக் காம்பராவில் கிடந்த போர்வை. பால் வாடையும் அதைவிட மோசமான வாடைகளும் ஏறியிருந்தது. ஹபீஸாவே ஷாம்பூ போட்டு அலசினாள். அலசியதும் பிடித்தது மழை. பெண் பார்க்க வரும் நாள் நெருங்குகிறது, போர்வை கொடியில் சொட்டிக்கொண்டே தொங்குகிறது. கடைசியில் கருப்பாயியின் புருஷன் காத்தமுத்துதான் வழி சொன்னார். அவர் புகைக்கூட்டுக் காவல். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டுப் புகையில் காயவைக்கும் இடம் அது. தோட்டத்தில் மழைக்காலத்தில் காயாத எதுவும் அங்கேதான் போகும். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, பாய், ஒரு தடவை தொழிற்சங்கத் தலைவரின் கூட்டத்துப் பதாகைகூட. தோட்டத் தொரைக்குத் தெரியாமல்தான். போர்வையும் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கியது. மொறுமொறுவென்று காய்ந்து வந்தது. எல்லோரும் முகத்தில் வைத்து மோந்து பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது என்றோம். ஹபீஸாவும் மோந்தாள். அவள் வீடும் கடையும் புகைக்கூட்டுக்கு நேர் கீழே.

பெண் பார்க்க வந்த அன்று நான் கபூர் நானாவின் கடைக்கு நூல் வாங்கப் போயிருந்தேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். நூலில் நிறம் தெரிந்தெடுக்க நேரமெடுக்கும் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஸுமைரா கனத்த, நிதானமான மனுஷி. போர்வையைப் பிரித்து மடியில் போட்டு, மூலை மூலையாகத் தடவிப் பார்த்தாள். நல்லா ஈக்குது என்றாள். அதோடு ஹபீஸா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் ஹபீஸா இல்லையே.

"ஒங்களுக்கு எண்டுதானே புள்ள தெச்ச."

அப்படியா என்று ஸுமைரா போர்வையை மடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போகும்போது அதுவும் வேனில் ஏறிப் போனது. திரைச்சீலையின் இந்தப் பக்கம் நான் பச்சை நூலைப் பிடித்தபடி நின்றேன். ரிஸ்னா தாயைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இதுதான் நடந்தது. இதற்குத்தான் சண்டை.

போர்வையைத் திருப்பிக் கேட்டால் பொய் வெளியே வரும், கல்யாணம் நிற்கும் என்பது ஹபீஸாவின் பயம். அதை அவள் மறைக்கவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, பதிலுக்குக் கடையிலிருந்து ஒரு புதுப் போர்வை தருகிறேன் என்றாள். தடிப்பான, பளபளவென்ற போர்வை, நடுவில் ஒரு புலி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சந்தியில் பாதி வீடுகளில் அந்தப் புலி உண்டு. கருப்பாயி, கல்யாணப் பெண்ணை முதல் ராத்திரி புலிக்குக் கீழே படுக்க வைக்கவா என்று கேட்டாள். சசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நிரோஷா வாய் திறந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை போலிருந்தது.

"கடைப் போர்வைக்கு வெல இருக்குங்க ஹபீஸாம்மா. நாளைக்கே எங்கப்பா வித்துருவாரு. துண்டுப் போர்வைய யாரு வாங்குவா? அதுனாலதான் அது எங்கிட்ட நிக்கும்."

ஹபீஸா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் மழை பெய்தது, சங்கம் கூடவில்லை. பெண்கள் அவரவர் காம்பராவில் கிடந்தார்கள். எனக்குத்தான் கஷ்டம், ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டுக்கு நானே நடந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. நிரோஷாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவள் அப்பா அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, எல்லா வீட்டிலும் குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். கருப்பாயி புதிதாக ஒரு போர்வை தொடங்கலாம் என்றாள். ஆவணிக்குள் முடியாது என்று அவளே சொன்னாள். பால் வெட்டிக் கடுத்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, எதுக்குத்தான் இந்தச் சங்கமோ என்றும் சொன்னாள்.

நிரோஷாவின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும். குருவிட்டை வேன் திரும்பவும் சந்தியில் வந்து நின்றது. நான் நூல் வாங்கப் போனேன். என் வீட்டில் அப்போது அரிசியைவிட நூல்தான் அதிகம். போகிற வழியில் கருப்பாயிக்குப் போனில் ஒரு கோல் அடித்துவிட்டுத்தான் போனேன்.

ஸுமைரா வீட்டுக்குள் போகவில்லை. கடை மேசை மேலேயே ஒரு பொலித்தீன் பையை வைத்தாள். அதற்குள் இன்னொரு பை, அதற்குள்ளும் ஒன்று. கடைசிப் பைக்குள் போர்வை. கபூர் நானா எதையோ எடுக்கப் போகிறவர்போல மேல்தட்டுக்கு ஏணி வைத்து ஏறினார். அப்புறம் இறங்கவே இல்லை.

"இது என்ன மணம் மதினி?" என்றாள் ஸுமைரா. "அலமாரி பூரா புடிச்சிட்டு. பயாஸ் ஜும்ஆவுக்குப் போட்டுக்கொண்டு போன ஜுப்பாவும் மணம். பள்ளில பக்கத்தில நிண்டவங்க, எங்கயோ ரப்பர் எரியுதாண்டு கேட்டீக்காங்க."

ஹபீஸா போர்வையை எடுத்து முகத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கருப்பாயியும் நிரோஷாவும் வந்து சேர்ந்தார்கள். தலையில் மழைக்குச் சாக்கு, காலில் சேறு. கடை வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

எந்தத் தோய்ச்சலுக்கும் போகாத மணம், வெயிலில் போட்டால் இன்னும் கூடுகிறது என்று ஸுமைரா சொல்லிக்கொண்டே போனாள். ஹபீஸா அது ஷாம்பூவின் குணம் என்று தொடங்கினாள். வீட்டின் உள்ளே நின்ற ரிஸ்னா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"உம்மா, போதும்."

போர்வையைத் தாயின் கையிலிருந்து வாங்கி, தேடி, தான் தைத்த மூலையை எடுத்து ஸுமைராவின் முன்னால் விரித்துப் பிடித்தாள். "இது மட்டும்தான் நான் தெச்ச. மத்தது எல்லாம் தோட்டத்து ஆக்கள் தெச்ச. இது அவங்கட போர்வ."

ஏணியின் மேலிருந்த கபூர் நானா இன்னும் ஒரு படி மேலே ஏறினார்.

"அண்டைக்கே வெளங்கிச்சி" என்றாள் ஸுமைரா. "மூணு மூலை பழகின கை, இந்த மூலை பழகாத கை எண்டு தெரியாதா? நாங்க புடவக் கட தானே வெச்சீக்கோம்."

"தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போனீங்க?" இது வாசலிலிருந்து கருப்பாயி.

ஸுமைரா திரும்பி அவளைப் பார்த்தாள். வெட்கப்படுகிற மனுஷி இல்லை அவள். "போர்வ நல்லா ஈந்திச்சி" என்றாள்.

கருப்பாயிக்குப் பதில் தெரியாத ஒரு நாளை நான் பார்த்தேன். அதற்காகவே எத்தனை நூல் உருண்டையும் வாங்கலாம்.

நிரோஷா சாக்கை வாசலில் போட்டுவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அது என்னோடதுங்க என்று மெதுவாகச் சொன்னாள். ரிஸ்னா அவள் கையில் கொடுத்தாள். நிரோஷா அதை மார்போடு சேர்த்துப் பிடித்து, முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

"என்ன மணம்?"

கருப்பாயி வாங்கி மோந்தாள். நானும் மோந்தேன். பாவம், எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஸுமைரா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அங்கிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

கருப்பாயிதான் புகைக்கூட்டு விஷயத்தைச் சொன்னாள். காத்தமுத்துவின் பெயரைச் சொல்லாமல், காற்றில் பறந்துபோய் அங்கே தொங்கியதுபோலச் சொன்னாள். ஸுமைரா கேட்டு முடித்துவிட்டு, இப்படி ஒன்று எனக்கும் வேண்டும், ஆனால் வெயிலில் காய்ந்ததாக வேண்டும் என்றாள். வெயில் நாளில் எங்களுக்குப் பால் வெட்டு என்று கருப்பாயி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ரிஸ்னாவின் கல்யாணத்தைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேன் போன பிறகு ஹபீஸா மேசையில் தலையை வைத்து அழுதாள். நிரோஷா போர்வையை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு, மறு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆறுதல் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நிரோஷாவின் கல்யாணம் சொன்ன நாளில், கொட்டுகிற மழையில் நடந்தது. ஹபீஸா வந்தாள். புலிப் போர்வையையும் கொண்டுவந்து மணவறையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லக் கருப்பாயிக்கும் அலுப்பு. நிரோஷா துண்டுப் போர்வையைத் தகரப் பெட்டியில் வைத்துப் புளத்கொகுபிட்டியவுக்குக் கொண்டுபோனாள். புலி இங்கேயே தங்கியது. அவள் போன கிழமையே அதை நான் சந்தியில் பார்த்தேன், ஒரு த்ரீவீலின் பின் சீட்டில், வாயைத் திறந்துகொண்டு. அவள் அப்பா அன்று மாலை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். பிறகு அவரையும் மகளே வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போனில் பேசும்போது போர்வையைப் பற்றிக் கேட்டேன். மாப்பிள்ளையும் புகைக்கூட்டில்தான் வேலையாம். அந்த வீட்டில் யாரும் எந்த மணத்தைப் பற்றியும் பேசுவதில்லையாம்.

ரிஸ்னாவின் கல்யாணம் நிற்கவில்லை. அவளும் பயாஸும் பெண் பார்த்த அன்றிலிருந்தே போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம்; போர்வை யார் தைத்தது என்று அவனுக்கு முதல் நாளே தெரியுமாம். இது எனக்குத் தெரியாமல் போனதுதான் இந்தக் கதையில் எனக்கிருக்கும் ஒரே வருத்தம். இப்போது அவள் குருவிட்டையில், புடவைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் பக்கத்துக் கதிரையில். ஊசியை யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை.

காத்தமுத்துவின் நெஞ்சு புகைக்கூட்டுப் புகையில் கெட்டுப்போய், அவரும் கருப்பாயியும் கார்த்திகையில் அவிசாவளைக்கு, மகனின் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். சசி கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள். ஸுமைராவின் போர்வைக்கு இரண்டு மூலைதான் ஆகியிருக்கிறது. மழை பிடித்தால் ஹபீஸா துணி மூட்டையோடு வருகிறாள். நான் அடுப்பைப் பற்றவைத்து, அவள் கோப்பைக்குக் கொஞ்சம் சீனி கூடப் போடுகிறேன்.